வயிற்றில் பிள்ளையோடு பெற்றோருக்கு ஐரோப்பா காட்டியவர்கள் இருக்கிறீர்களா?

பள்ளத்தூர்ப் பெண், மிலான்

எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது, மே மாதக் கடைசியில், என் பெற்றோர், அப்பச்சியும் ஆத்தாவும், வந்தார்கள். விசா அலைச்சலும் பெட்டி எடைக் கணக்கும் உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் என்பதால், மனத்தை இன்னும் அரிக்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மிலானிலிருந்து ஜெனோவா வழியாகப் பீசாவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை. கராராவை நெருங்கும்போது மலைமுகடுகள் வெள்ளைவெளேரென்று தெரிந்தன. "இந்த வெயில்லயும் பனி உருகலையா?" என்று ஆத்தா கேட்டார்கள். அது பனியன்று, சலவைக்கல் வெட்டியெடுத்த இடம், உரோமர் காலத்திலிருந்தே வெட்டுகிறார்கள், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலையும் இந்த மலைக் கல்தான் என்று நான் சுற்றுலா வழிகாட்டியைப் போல அடுக்கிக்கொண்டே போனேன். அப்பச்சி சன்னலில் நெற்றியை வைத்தபடி, "நம்ம வீட்டுப் பட்டாலைக் கல்லும் இத்தாலியிலேர்ந்து கப்பல்ல வந்ததுன்னுதான் ஐயா சொல்லுவாக. தையில பேத்தப்ப ஒண்ணுகூட உடையலை" என்றார்கள்.

ஆத்தா சட்டென்று அப்பச்சியின் முழங்கையைப் பிடித்தார்கள். எனக்குத்தான் அந்தப் 'பேத்தப்ப' புரியச் சற்று நேரமாயிற்று. பதினொரு புள்ளிக்கு, அதாவது பதினொரு குடும்பத்துக்கு, பொதுவான எங்கள் வளவு வீட்டைப் பங்காளிகள் கூடிப் பேசிப் பிரித்து விற்றிருக்கிறார்கள். தேக்குத் தூண், நிலை, தரைக்கல் என்று தனித்தனியாக விலை போயிருக்கிறது. வாயும் வயிறுமாக இருப்பவளிடம் சொல்ல வேண்டாமென்று நான்கு மாதம் மறைத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா தேன்குழல் டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்த சாய்ந்த கோபுரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரையும்போல் அதைக் கையால் தாங்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

தேவகோட்டையான், நெதர்லாந்து

வீடு போனது வருத்தந்தான் தங்கச்சி. ஆனால் ஆறாம் மாதத்தில் பெற்றோரை வரவழைத்தது அடிப்படைப் பிழை என்பதை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவாவது சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள்தான் தங்க முடியும். மே கடைசியில் வந்து தொடர்ந்து தங்கினால் ஆகஸ்டு கடைசியில் கிளம்பியாக வேண்டும்; பிள்ளை செப்டம்பரில் பிறந்தால் குளிப்பாட்ட யார் இருப்பார்கள்? முதல் பிள்ளை குறித்த தேதிக்குப் பிந்துவதும் உண்டு. ஆகவே பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பயணச்சீட்டு எடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா வாங்கும்போது பல முறை நுழையும் அனுமதி கேளுங்கள். நெய், பால்கோவா ஆகியவற்றையும், கருவாடு நீங்கலாக இறைச்சி வகை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும்.

என் அனுபவம் இவ்வளவுதான்: என் மனைவிக்குக் கும்மாயம் என்னும் உளுந்து இனிப்பைக் கிண்டுவதற்காக ஆத்தா ஊரிலிருந்து சுமந்து வந்த நெய்யைச் சுங்கத்தில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். போட்ட அதிகாரியைப் பார்த்து, "அதுல வெந்தயம் போட்டுக் காச்சியிருக்கேன், கெட்டுப்போகாதே" என்று ஆத்தா தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி

தம்பி, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெண் கணக்குக் கேட்கவில்லையே. நான் மறுகரையில் இருந்தவள், அதாவது காட்டுவதைப் பார்க்கப் போன தாய். பாரிசில் மோன்மார்த்ருக் குன்றின் மேலே ஒரு வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து கம்பிவட வண்டியிலும் போகலாம், பக்கத்தில் 222 படி ஏறியும் போகலாம். மூன்று பேருக்குச் சீட்டு விலையை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, "குன்றக்குடி மலையாட்டம் இருக்கு, நடந்தே போவோமே" என்று சொன்னவள் நான்தான். ஏழாம் மாதத்துப் பெண் மறுபேச்சில்லாமல் முன்னால் ஏறினாள். பாதிப் படியில் கம்பியைப் பிடித்து நின்றவள், எங்கள் முகத்தைப் பார்க்காமல், கீழே தெரிந்த ஊரைக் காட்டி, "இங்கேர்ந்து பாத்தாத்தான் ஆத்தா அழகு" என்றாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னாள் என்பது, அவள் கழுத்தில் வேர்வை ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேரன் நலமாகப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இருந்தும் அந்தச் சீட்டு விலை இன்றைக்கும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

பள்ளத்தூர்ப் பெண், மிலான்

தேவகோட்டை அண்ணனுக்கு: அவர்கள் 21 நாள்தான் இருந்தார்கள். மிச்சமிருந்த 69 நாளைப் பிரசவத்துக்கென்று வைத்திருந்து, செப்டம்பரில் ஆத்தா மட்டும் மறுபடி வந்தார்கள். உங்கள் கணக்கு எங்களுக்கும் தெரிந்ததுதான்.

ஆச்சி சொன்னதைப் படித்ததிலிருந்து வேறொன்று உறுத்துகிறது. இரண்டு முறை வந்த செலவுக்கும் நாங்கள் ஒரு யூரோகூடக் கொடுக்க அப்பச்சி விடவில்லை. காப்பீட்டுப் பத்திரம் ஒன்று முதிர்ந்து பணம் வந்ததாகச் சொன்னார்கள். அது எந்த மாதம் முதிர்ந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.