கேஈ 70 ஐ வைத்து ட்ரிஃப்டிங் போட்டிக்குப் பழகலாமா? திருகோணமலையில் யாராவது இருக்கிறீர்களா?

உப்புவெளிப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். வயது 22, ஹோட்டலில் வேலை. மாமா கனடா போகும்போது தன்னுடைய கேஈ 70 செடானை, பழைய டொயோட்டா கொரொல்லாவை, என்னிடம் தந்துவிட்டுப் போனார். 4கே எஞ்சின், எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதுதான் இப்போது அதற்கு இருக்கிற ஒரே வேலை. எனக்கு ட்ரிஃப்டிங்கில், அதாவது காரை வழுக்க விட்டே வளைவு எடுப்பதில், சரியான ஆசை, அதுவும் புகை கிளப்பி டிக்டொக்கில் போடுகிற ஆசை இல்லை, ஒரு நாளாவது முறையான போட்டியில் ஓட வேண்டும் என்கிற ஆசை. இந்த எஞ்சின் போதுமா, முதலிலேயே பெரியதாக மாற்ற வேண்டுமா? எந்தச் சாமானில் முதல் காசைப் போடுவது? இலங்கையில் இதற்கு வழி ஏதும் இருக்கிறதா? என் சிநேகிதன் அவனுடைய விட்ஸில் ஹாண்ட் பிரேக்கை இழுத்துச் சுற்றிக் காட்டிவிட்டு இதுவும் ட்ரிஃப்ட்தான் என்று சண்டை பிடிக்கிறான், அதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கிண்ணியா கராஜ்:
தம்பி, முதலில் சிநேகிதனுக்குத் தீர்ப்பு. விட்ஸுக்கு முன் சில்லில் இழுவை. ஹாண்ட் பிரேக்கில் பின் சில்லு பூட்டுப்பட்டு வால் வழுக்கும், அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை மிதித்தால் முன் சில்லு காரை நேராக இழுத்துவிடும், வழுக்கலைப் பிடித்து வைத்திருக்க வழியில்லை. ட்ரிஃப்ட் என்றால் பின் சில்லுகள் சக்தியால் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், நீங்கள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்சிலேட்டரால் கோணத்தைக் கூட்டிக் குறைத்து வளைவு முழுக்க அதைக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பின் சில்லு இழுவை வண்டிதான் வேண்டும். உங்கள் கையில் அது இருக்கிறது.

எஞ்சினை இப்போதைக்குத் தொட வேண்டாம். 4கே 1290 சிசிதான், காய்ந்த தாரில் மூச்சு வாங்கும் என்பது உண்மை. ஆனால் நனைந்த சீமெந்துத் தரையில், பதின்மூன்று இஞ்சி ஒல்லி டயரோடு, இரண்டாம் கியரில் கிளச்சை ஒரு உதை உதைத்தால் வால் தாராளமாக வெளியே வரும். சக்தி குறைந்த வண்டியில் பழகுகிறவனுக்குத்தான் பாரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி வழுக்க வைக்கத் தெரியும், பெரிய எஞ்சின்காரன் எல்லாவற்றையும் ஆக்சிலேட்டரிலேயே தீர்த்துவிடுவான். பிறகு போதவில்லை என்று பட்டால் டவுன்ஏஸில் வந்த 5கே, 1486 சிசி, பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் அதே இடத்தில் உட்காரும். எஞ்சின் இலக்கம் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், அதை மறந்துவிட வேண்டாம்.

முதல் காசு டிஃபரன்ஷலுக்கு, அதாவது எஞ்சின் சக்தியை இரண்டு பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சில்லுத் தொகுதிக்கு. கம்பெனி டிஃபரன்ஷல் திறந்த வகை, பாரம் குறைந்த உள்பக்கச் சில்லு மட்டும் சும்மா சுழலும், மற்றது வேலை செய்யாது. ஒரு தடவை வழுக்கிப் பார்த்துவிட்டு இறங்கித் தரையைப் பாருங்கள், ஒரு கறுப்புக் கோடுதான் இருக்கும். இரண்டு கோடு வர வேண்டும். ஒரு சில்லு மட்டும் சும்மா சுழல விடாத டிஃபரன்ஷல், எல்எஸ்டி என்பார்கள், நல்லதாகக் கிடைத்தால் சந்தோசம், ஆனால் விலை கழுத்தைப் பிடிக்கும். எல்லாரும் செய்வது உள்ளே இருக்கிற பல்சில்லுகளை வெல்ட் பண்ணி இரண்டு அச்சையும் ஒன்றாகப் பூட்டுவதுதான். தெரிந்தவரிடம் செய்ய வேண்டும், வெல்ட் உடைந்து துண்டு உள்ளே விழுந்தால் முழுதும் போச்சு.

இரண்டாவது, சீட். உங்கள் காரில் இருப்பது சோபா. வளைவில் உடம்பு சரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவீர்கள், அப்போது கையால் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பை இறுக்கிப் பிடிக்கிற பக்கட் சீட், நல்ல பெல்ட், ஹெல்மட். மூன்றாவது, ரேடியேட்டர். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நேரம் நம்முடைய ஊரில் கார் சும்மா நின்றாலே சூடாகும், நீங்கள் குறைந்த வேகத்தில் உச்ச ஆர்பிஎம்மில் வைத்து முறுக்கப் போகிறீர்கள்.

செடான் என்பதும் நல்லதுதான். கேஈ 70 இன் டிஎக்ஸ் வேகனுக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங், செடானுக்குக் கொயில் ஸ்பிரிங்கும் நாலு இணைப்புத் தண்டும். ட்ரிஃப்டிங்கில் பேர்போன கொரொல்லாவான ஏஈ86 இன் அமைப்பும் இதே குடும்பம்தான்.

கட்டுக்குருந்த பைத்தியம்:
நானா கார் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் போட்டிப் பக்கத்தைச் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் அதை விளங்காமல்தான் வருகிறார்கள்.

ட்ரிஃப்டிங்கில் யார் முதலில் முடிக்கிறார் என்ற கணக்கே இல்லை. ஜப்பானில் 1970களில் குனிமிட்சு தகஹாஷி ரேஸில் வளைவுகளை வழுக்கி எடுத்ததைப் பார்த்து, கெய்ச்சி சுச்சியா மாதிரியானவர்கள் மலைப் பாதைகளில் அதைத் தனிக் கலையாக்கினார்கள். 2000 இல் அங்கே டி1 என்ற போட்டித் தொடர் தொடங்கியது, அமெரிக்காவில் ஃபோர்முலா ட்ரிஃப்டின் முதல் சீசன் 2004, 2017 இல் உலக மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்ஐஏவே டோக்கியோவில் சர்வதேசப் போட்டி வைத்தது. எல்லா இடத்திலும் புள்ளி கொடுப்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான்: நடுவர்கள் சொன்ன கோட்டில் ஓடுகிறாயா, கோணம் எவ்வளவு, எவ்வளவு வேகமாகவும் துணிந்தும் உள்ளே நுழைகிறாய். வளைவின் உள்பக்கம் ஒரு கூம்பு வைத்திருப்பார்கள், முன் மூலை அதை உரசுகிற மாதிரிப் போக வேண்டும். வெளிப்பக்கம் தரையில் ஒரு வலயம் வரைந்திருப்பார்கள், பின் சில்லு அதற்குள் போய் வர வேண்டும். சுற்றிவிட்டால் அந்த ஓட்டம் பூச்சியம். முதலில் தனியாக ஓடித் தகுதி பெற வேண்டும், பிறகு இரண்டு இரண்டு பேராக, ஒருவர் முன்னால், மற்றவர் துரத்தி, பிறகு இடம் மாறி. முன்னால் போகிறவர் சொன்ன கோட்டைப் பிசகாமல் பிடிக்க வேண்டும், துரத்துகிறவர் அவருடைய கோணத்தை அப்படியே எடுத்துக் கதவுக்குக் கிட்ட ஒட்ட வேண்டும். நடுவர்களால் பிரிக்க முடியாவிட்டால் இன்னொரு தரம் ஓட விடுவார்கள்.

ஆகவே தம்பி, புகை நிறைய வருகிறது என்று யாரும் புள்ளி போட மாட்டார்கள். அதே இடத்தில், அதே வேகத்தில், அதே கோணத்தில் திரும்பத் திரும்ப நுழையத் தெரிந்தால்தான் போட்டிக்காரன்.

இலங்கையில் காருக்குப் பழக்கமான போட்டிகள் வேறு வகை. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் பழைய விமான ஓடுபாதையில் சேர்கிட் ரேஸ், தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில், அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரோஸ், நுவரெலியாவில் 1934 இலிருந்து நடக்கிற மஹகஸ்தொட்ட மலைப்பாதைக் கார் ஓட்டம். ட்ரிஃப்டை மட்டும் நம்பி இருந்தால் வருடத்தில் கனநாள் சும்மாதான் இருப்பீர்கள். என் அபிப்பிராயம், மண் தரைச் சுப்பர்குரோஸ் ஒன்றைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் ஒரு அணிக்கு டயர் தூக்கிக் கொடுங்கள். சாலியபுர ஹொரவப்பொத்தான பாதையால் உங்களுக்குக் கிட்டத்தான். செம்மண்ணில் கார் எப்படி வழுக்குகிறது, ஓடுகிறவர் எப்போது ஆக்சிலேட்டரை விடுகிறார் என்று வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதே பெரிய படிப்பு. போட்டி லைசன்ஸ், கார் பரிசோதனை எல்லாம் கிளப் வழியாகத்தான், அந்த ஆட்களோடு பழகினால்தான் கதவு திறக்கும்.

அலஸ் தோட்டம் அக்கா:
ஒருவரும் இதைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நிலாவெளி றோட்டில் இரவில் பழகலாம் என்று யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம். மாடு படுத்திருக்கும், வெள்ளைக்காரர் லைட் இல்லாத சைக்கிளில் வருவார்கள், டவுன் பக்கம் என்றால் புள்ளிமான் கூட்டமாக றோட்டைக் கடக்கும். அடித்தால் பொலிஸ் கேஸ், இன்சூரன்ஸும் கை விரிக்கும். கடற்கரை மணலும் சரிவராது, சில்லு புதையும், உப்பு பாடியின் அடியைத் தின்றுவிடும். 2020 இல் இறக்குமதியை நிறுத்தின பிறகு இந்தப் பழைய கார்கள் விற்ற விலை எல்லாருக்கும் தெரியும், நல்ல பாடி இருக்கிற கேஈ 70 ஐத் துருப்பிடிக்க விடுவது பாவம்.

உப்புவெளிப் பெடியன்:
அக்கா, றோட்டில் ஓட மாட்டேன், அம்மா கொன்றுவிடுவார். கந்தளாய்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவருக்குப் பழைய நெல் ஆலை வளவு இருக்கிறது, நெல் காயவிடுகிற பெரிய சீமெந்துத் தளம், இப்போது சும்மா கிடக்கிறது. கேட்டால் தருவார் என்று நினைக்கிறேன். அங்கே போய் என்ன செய்வது, எதிலிருந்து தொடங்குவது? கம்ப்யூட்டருக்கு ஸ்டியரிங் வாங்கி அசெட்டோ கோர்சா என்ற கார் ஓட்டுகிற கேமில் பழகுவதும் உதவுமா?

உவர்மலை, இப்போது மெல்பன்:
தம்பி, நெல் தளம் என்றால் தங்கம். மாரி மழை தொடங்கினதும் போங்கள், மற்ற நேரம் பவுசரில் தண்ணீர் அடித்து நனையுங்கள். நனைந்தால் எல்லாமே குறைந்த வேகத்தில் நடக்கும், டயரும் தேயாது. இங்கே அவுஸ்திரேலியாவிலும் புதிதாக வருகிறவர்களை முதலில் நனைந்த தளத்தில்தான் விடுவார்கள், அதில் கேஈ 70 கொண்டுவருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

நடுவில் ஒரு பழைய டயரை வையுங்கள். தளத்தின் விளிம்புக் கட்டு, மதில், கம்பம் எல்லாவற்றிலிருந்தும் நிறைய இடம் விட்டு. முதல் கியரில் அதைச் சுற்றி மெதுவாக வட்டம் போங்கள், கிளச்சை மிதித்து ஆர்பிஎம்மை ஏற்றிப் பட்டென்று விடுங்கள், வால் வெளியே போகும். இந்த இடத்தில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள்: ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒடிக்கப் பார்ப்பார்கள், அதற்குள் கார் சுற்றிவிடும். பிடியைத் தளர்த்துங்கள். வால் வெளியே போனதும் முன் சில்லுகள் தாமாகவே கார் போகிற திசைக்குத் திரும்பும், ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் தானாக ஓடும், சரியான இடத்தில் அதை நிறுத்திப் பிடிப்பதுதான் உங்கள் வேலை. கண் டயரில் இருக்கக் கூடாது, வட்டத்தில் அடுத்துப் போகப் போகிற இடத்தில் இருக்க வேண்டும், தேவையென்றால் பக்கக் கண்ணாடிக்குள்ளால் பாருங்கள். கார் சுற்றத் தொடங்கினால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க விட வேண்டாம், பின் டயர் ஒரேயடியாகப் பிடித்து உங்களை மற்றப் பக்கம் எறிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

வட்டத்தை இரண்டு பக்கமும் சலிக்கும்வரை போடுங்கள். இடப்பக்கம் எல்லாருக்கும் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி, ஒன்று கட்டாயம் வராது, வராத பக்கத்தைத்தான் கூடப் பழக வேண்டும். பிறகு இரண்டாவது டயரை வைத்து எட்டுப் போடுங்கள். ஒரு வட்டத்திலிருந்து மற்றதற்கு மாறுகிற அந்த நொடியில் ஸ்டியரிங் முழுக்க ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் பறக்கும், கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிகளுக்குள் விட வேண்டாம். எட்டு வந்துவிட்டால் ட்ரிஃப்டின் பாதி வந்துவிட்டது.

டயர் விசயத்தில் ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள். நல்ல டயர் முன்னுக்கு, ஏனென்றால் திசை காட்டுவது அதுதான். தேய்ந்ததைப் பின்னுக்குப் போட்டு காற்றைக் கொஞ்சம் கூட ஏற்றுங்கள். ரீபில்ட் டயர் மட்டும் வேண்டாம், சூட்டில் மேல்தோல் உரிந்து அடித்தால் மட்காட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

சிமுலேட்டர் உதவும். கைக்கும் கண்ணுக்கும் பழக்கம் வரும், எதிர்ப்பக்கம் ஒடிக்கிற நேரம் பிடிபடும், டயர்ச் செலவு இல்லை. 900 பாகை சுற்றுகிற ஸ்டியரிங்காக வாங்குங்கள், கால்வாசி சுற்றுகிற விளையாட்டுச் சாமானில் காசைக் கொட்ட வேண்டாம்.

கிண்ணியா கராஜ்:
மெல்பன் தம்பி சொன்னதில் சிமுலேட்டருக்கு மட்டும் நான் பாதி ஓம். கார் வழுக்கத் தொடங்குவதை முதலில் அறிவது உட்காருகிற இடம், கண்ணுக்குப் பிறகுதான் தெரியும். கதிரைக்கு அது எங்கே தெரியப் போகிறது? ஸ்டியரிங் வாங்குகிற காசுக்கு எத்தனையோ சோடி டயர் வரும். இளம் பிள்ளைகள் வேறு மாதிரி நினைப்பார்கள், சரி.

வளவுக்குப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில், பற்றரி இறுக்கிக் கட்டினபடி, டிக்கியில் ஒரு சாமானும் இல்லாமல். ஆலைக்காரரிடம் வாய்ப் பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள், பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள், சத்தத்துக்குப் பொலிஸுக்கு அடிப்பார்கள்.

உப்புவெளிப் பெடியன்:
நானா, கடைசியாக ஒன்று. டிஃபரன்ஷலை வெல்ட் பண்ணினால் அதே காரில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியுமா?

கிண்ணியா கராஜ்:
ஓடும், ஆனால் ஒவ்வொரு முடக்கிலும் டயர் கிறீச்சென்று கத்தும், பார்க் பண்ணத் திருப்பும்போது உள்பக்கச் சில்லு துள்ளித் துள்ளி வரும், அம்மா முதல் நாளே இறங்கி ஓட்டோ பிடிப்பார். மழையில் ஆளுக்குத் தெரியாமலே வால் நழுவும், அச்சும் நாளடைவில் களைக்கும்.

அதற்கு வழி இருக்கிறது. கேஈ 70 இன் டிஃபரன்ஷல் நடுப்பாகம் தனியாக முன்பக்கத்தால் கழன்று வரும் வகை. பழைய இரும்புக் கடையில் இன்னொன்று தேடி எடுத்து அதை வெல்ட் பண்ணுங்கள், கம்பெனியில் வந்ததைத் தொடாமல் வையுங்கள். பழகப் போகிற கிழமை மாற்றுவது, வந்து திரும்ப மாற்றுவது. எண்ணெயை வடித்து, இரண்டு பக்க அச்சையும் கொஞ்சம் வெளியே இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும், பாரம் என்பதால் அடியில் ஜாக்கு வைத்துத் தாங்குங்கள். இரண்டாவதை எடுக்கும்போது பல் கணக்கு எத்தனைக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், வேறுபட்டால் கிலோமீற்றர் மீற்றர் பிழையாகக் காட்டும். பூட்டும்போது புது காஸ்கட், எண்ணெய் ஹைபொயிட் 90.