2025-ல் நம் இறாலுக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி, இதில் நாட்டுப் பாதுகாப்பு எங்கே வந்தது?

தொண்டிக்காரன்:
உப்பூர் பக்கம் இரண்டு குளத்தில் வனாமி இறால் விட்டிருந்தோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா முதலில் 25 சதவீதம், அப்புறம் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று இன்னொரு 25 போட்டதும், இறால் வாங்குகிற ஏஜென்ட் வரப்பில் நின்றபடியே விலையை இறக்கிவிட்டார். தீவனக் கடன் கழுத்தை நெரிக்கிறது, இறாலைப் பிடிக்காமல் போட்டு வைக்கவும் முடியாது. அமெரிக்காக்காரர்களும் நாட்டுப் பாதுகாப்பு என்றுதான் சொல்கிறார்கள், சீனச் சாமானைத் தடுக்கும்போது நாமும் அதையேதான் சொல்கிறோம். எதை நம்புவது?

மண்டபத்தான்:
தம்பி, நம்ம கடலையே பாருங்க. 2020 வாக்கில் இலங்கை தன் விவசாயிகளைக் காப்பாற்ற மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது, இங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மூட்டைகள் படகேறின. வேதாளைக் கரையில் பிடித்துப் போட்ட மூட்டைகளை நானே பார்த்தேன், ஒன்று நனைந்து கிழிந்து அந்த மணலே மஞ்சளாகக் கிடந்தது. தங்கம் அங்கிருந்து இங்கே வரும், ரோந்துப் படகைக் கண்டால் கடலில் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஆள் இறக்கி முக்குளித்துத் தேட வேண்டும். 2024 ஜூலையில்தான் தங்க வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். வரியும் தடையும் கூடக் கூடக் கடத்துகிறவனுக்குத்தான் லாபம். கடலோரக் காவல் படை மஞ்சள் மூட்டைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் நிஜமான ஆபத்தை யார் பார்ப்பது?

பரமக்குடி மெக்கானிக்:
மஞ்சளுக்குச் சரி அண்ணே, எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2025 ஏப்ரலில் சீனா அருமண் என்கிற அரிய உலோகங்களில் செய்யும் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டிக் கம்பெனிகள் தவித்துப் போயின, மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கே அந்தக் காந்தம்தான் உயிர். மருந்து மூலப்பொருளிலும் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அந்த மாதிரி சாமானை, விலை கூடினாலும் இங்கே செய்யத்தான் வேண்டும். 2020-ல் சீனா மாதிரி நம் எல்லையை ஒட்டிய நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயமானதும் நியாயம்தான். ஆனால் எதிரி நிறுத்தினால் நாடு எதில் முடங்குமோ அதோடு நிற்க வேண்டும். இறால் வராவிட்டால் எந்த நாடு முடங்கும்? அங்கே ஓட்டலில் சாப்பிடுகிறவன் கூடக் கொடுப்பான், இங்கே உங்கள் குளம் காயும், அவ்வளவுதான்.

மண்டபத்தான்:
அது ஞாயம், காந்தத்தை நான் யோசிக்கவில்லை. தம்பி, பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இறாலுக்கு வரி விலக்கு இருக்கிறது. ஒரே நாட்டை நம்பி வாங்குகிற ஏஜென்டிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

தொண்டிக்காரன்:
நன்றி அண்ணே. வேறு ஏஜென்டையும் கேட்கிறேன். இந்தத் தடவை ஒரு குளத்தில் மட்டும்தான் குஞ்சு விட்டிருக்கிறேன், மற்றது காய்ந்துதான் கிடக்கிறது.