வினயபிடகம்: பண்டகருக்குத் தடை ஏன்?

மருதன் கேட்டது:
பண்டகருக்கு (வழக்கமான ஆணாகக் கருதப்படாதவருக்கு) துறவு தரக்கூடாது, தந்திருந்தாலும் வெளியேற்ற வேண்டும் என்று, பௌத்தத் துறவிகளின் விதி நூலான வினயபிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் படித்தேன். சாக்கிய இளவரசர்கள் வணங்கட்டும் என்று நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு தந்தவர் புத்தர். அவரா இப்படி?

குறிஞ்சி:
அந்த விதி பிறந்த கதையையும் சேர்த்துப் படிங்க. பண்டகர் ஒருவர் இளம் பிக்குகளை உறவுக்கு அழைக்கிறார், விரட்டுகிறார்கள். சாமணேரர்களும் (இன்னும் முழுத் துறவு பெறாதவர்கள்) விரட்டுகிறார்கள். யானைப்பாகர்களும் குதிரைக்காரர்களும் இணங்குகிறார்கள். அப்புறம் அவர்களே, சாக்கிய புத்திரர்கள் (புத்தரின் பிக்குகள்) எல்லாருமே இப்படித்தான் என்று ஏசுகிறார்கள் (தாங்கள் செய்தது கணக்கில் இல்லை!). தடை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஊரார் போடும் பிச்சையில் வாழும் சங்கத்துக்கு ஊர்ப்பேச்சு சின்ன விஷயமில்லை.

இனி வினயத்தின் முதல் பாராஜிகத்தின் (சங்கத்திலிருந்தே நீக்கும் குற்றம் பற்றிய விதி) கடைசியில் வரும் வழக்குகளைப் பாருங்க. ஒரு பிக்குவுக்குப் பெண்குறி தோன்றிவிடுகிறது. புத்தர் திட்டவில்லை, காரணம்கூடக் கேட்கவில்லை. அதே உபாத்தியாயர் (குரு), அதே உபசம்பதை (முழுத் துறவேற்பு), துறவில் கழித்த அதே வருடக் கணக்கு. பிக்குணிகளோடு (பெண் துறவிகளோடு) போய் இருக்கட்டும் என்கிறார். இருசாராருக்கும் பொதுவான குற்றங்களை அங்கே தீர்த்துக்கொள்ளலாம், ஆண்களுக்கு மட்டுமான குற்றங்கள் கழிந்துவிடும். பிக்குணி ஆணானாலும் இதே ஏற்பாடு. ஏதோ இடமாற்ற உத்தரவு மாதிரி இருக்கும். உடல் மாறுவது அவர்களுக்குச் சிக்கலே இல்லை. பிரம்மச்சாரிகள் நடுவே ஆசை நுழைவதுதான் பயம்.

சேரலாதன்:
ஊர்ப்பேச்சு என்று ரொம்ப இளக்கமாகச் சொல்லிட்டீங்க. இருபால் குறி உடையவருக்கும் அதே மகாவக்கத்தில் தடை உண்டு. அங்கே ஊர் ஏசியதாகக் கதை இல்லை. ஒருவர் செய்ததற்கு அந்த வகையினர் அத்தனை பேருக்கும் கதவடைப்பு. தவறிய பிக்குகள் கதை வினயம் முழுக்க இருக்கு; அதற்காக ஆண்களுக்குத் துறவை நிறுத்தினார்களா?

குறிஞ்சி:
நிறுத்தவில்லை. அந்த இடத்தில் நானும் அவர்களுக்காக வாதாட மாட்டேன். ஆனால் சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பது வேறு, யாருக்கு ஞானம் கிட்டும் என்பது வேறு. இரண்டு விரல் அறிவுள்ள பெண்ணுக்கு அது எட்டாது என்று மாரன் (துறவிகளைத் தடுமாற வைக்கும் தீய சக்தி) சீண்டும்போது, மனம் ஒருமைப்பட்ட இடத்தில் பெண் என்பது என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்கிறாள் சோமா பிக்குணி. 'இரண்டு விரல்' என்பது சோற்றை நசுக்கிப் பதம் பார்ப்பதாம், உரைகாரர் சொல்கிறார்.

மருதன்:
சோரேய்யன் என்ற ஆண் பெண்ணாகிப் பிள்ளை பெற்ற கதையும் இந்தக் காலத்ததா?

குறிஞ்சி:
இல்லை, அது தம்மபதம் என்ற பௌத்தச் செய்யுள் நூலின் உரையில் வருவது, பல நூற்றாண்டு பிந்தியது. ஆணாக இருந்தபோது இரண்டு பிள்ளை, பெண்ணாக இரண்டு. யார் மேல் பாசம் அதிகம் என்று கேட்டால், வயிற்றில் சுமந்த பிள்ளைகள் மேல்தான் என்கிறார்.