புதுப்பிப்பு: பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் சர்க்யூட் பிரேக்கரை மாற்றிய பிறகு

இருபது நிமிடம் வாசித்ததும் என் பழைய டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரின் பின்புறம், மின்னோட்டம் மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரின் பொத்தான் துள்ளி வெளியே வந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதலில் பவர் டியூப்களையும் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் வடிகட்டி மின்தேக்கிகளையும் சோதித்தேன், அவற்றில் குறையில்லை. ஆம்ப்ளிஃபையர் இழுத்த மின்னோட்டமும் 1.6 ஆம்பியர்தான், பிரேக்கரின் அளவோ 2.5. ஆகவே பிரேக்கர் மீதே சந்தேகம் எழுந்தது. அதன் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வீழ்ச்சியை அளந்து பாருங்கள் என்று ஒருவர் கூறியதே விடையைக் காட்டியது: 1.1 வோல்ட். தேய்ந்த தொடுமுனைகள் தாமே சூடேறி, வெப்பத்தால் இயங்கும் அந்தப் பிரேக்கரைத் தேவையின்றித் துண்டித்திருக்கின்றன. கழற்றிப் பிரித்தபோது முனைகள் கரியேறிக் குழிவிழுந்திருந்தன.

அதே 2.5 ஆம்பியர் அளவிலேயே புதியது பொருத்தினேன். வீழ்ச்சி இப்போது 0.2 வோல்ட். அளவைக் கூட்டினால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்பு போய்விடும் என்பதால் அந்த யோசனையை ஏற்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று உண்டு. பழைய பிரேக்கர், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தது, அதாவது அது துண்டித்த பிறகும் உள்ளே மின்சாரம் இருந்திருக்கிறது! புதியதை, மின்சாரம் உள்ளே வரும் லைவ் கம்பிக்கு மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் கழித்தும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றது. மின்தடை வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கைவைத்தேன்.

இப்போது மூன்று மணிநேரம் தொடர்ந்து வாசித்தும் பொத்தான் அசையவில்லை.