44 வயசில நேர்ஸிங் படிக்கலாமோ? எந்தப் பக்கம் போறது?

வேலணையாள்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வாற மாசியோட 44. லண்டனில ஹரோப் பக்கம் இருக்கிறம். சுப்பர்மார்க்கெட் டில்லில நிண்டு நிண்டே காலம் போட்டுது, இப்ப சின்னவனும் செக்கண்டரிக்குப் போட்டான் எண்டபடியா இனியாவது எனக்கெண்டு ஒண்டைப் படிப்பம் எண்டு யோசிக்கிறன். மாமி கடைசிக் காலத்தில வீட்டிலதான் இருந்தவ, வீடு வீடா வாற டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ் வந்து சிரிஞ்ச் டிரைவர் (மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திற சின்ன மெஷின்) மாத்திறதைப் பக்கத்தில நிண்டு பாத்துப் பாத்து அந்த வேலையில ஒரு ஆசை வந்திட்டுது. ஊரில ஏ/எல் கொமர்ஸ் படிச்சனான், சயன்ஸ் ஓ/எல்லோட சரி.

மனுசன் படி எண்டுதான் சொல்லுறார். சொந்தக்காரர்தான் "உந்த வயசில நைட் டியூட்டியோ, பேசாம கேரர் வேலைக்குப் போ" எண்டினம். கேரர், நேர்ஸிங் அசோசியேட், நேர்ஸ் எண்டு மூண்டு சொல்லினம், வித்தியாசம் வடிவா விளங்கேல்லை. இடுப்பு நோவும் இருக்கு, வோர்டில 12 மணித்தியாலம் ஓட ஏலுமோ தெரியாது. வோர்ட் இல்லாமல் வேற இடம் இருக்கோ? பிந்திப் படிச்ச ஆக்கள் ஆராவது இருந்தாச் சொல்லுங்கோ.

டயலிசிஸ்_மதி:
தங்கச்சி, முதல் வயசுக் கதையை விடுங்கோ. இஞ்ச நேர்ஸிங் படிக்க வயசு எல்லை எண்டு ஒண்டும் இல்லை. எங்கட பட்ச்சில பேரப்பிள்ளை கண்ட மனுசி ஒராளும் இருந்தவ, பிளேஸ்மென்டில (ஆஸ்பத்திரியில நிண்டு பழகிற பயிற்சியில) கூடப் படிக்கிற சின்னப் பிள்ளையள் அழேக்க அவதான் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் குடுக்கிறது. எனக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்கேக்க 45.

நீங்கள் கேட்ட வித்தியாசம் இதுதான். கேரர் மாதிரி வேலைக்கு ஆஸ்பத்திரியில ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் எண்டு பேர், என்எச்எஸ் (இஞ்சத்தைய அரச சுகாதார சேவை) சம்பளப் படியில பான்ட் 2, 3. கழுவி உடுப்பு மாத்திறது, சாப்பாடு தீத்திறது, பிரஷர் பாக்கிறது, ரெஜிஸ்ட்ரேஷன் ஒண்டும் தேவையில்லை. நேர்ஸிங் அசோசியேட் ரெண்டு வருஷப் படிப்பு, பான்ட் 4, 2019 இல இருந்து அவையும் என்எம்சி (நேர்ஸ்மாரைப் பதியிற கவுன்சில்) ரெஜிஸ்டரில வருகினம். நேர்ஸ் எண்டா மூண்டு வருஷ டிகிரி, பான்ட் 5. கேர் பிளான் போடுறது, "இந்த ஆளுக்கு என்னவோ சரியில்லை, டொக்டரைக் கூப்பிடு" எண்டு முடிவெடுக்கிறது எல்லாம் நேர்ஸின்ர பொறுப்பு. சிரிஞ்ச் டிரைவரைப் பாத்து ஆசை வந்தது எண்டா உங்களுக்கு மூண்டாவதுதான் சரி எண்டு நினைக்கிறன்.

கொமர்ஸ் படிச்சது பிரச்சினை இல்லை. கொலிஜில அக்ஸஸ் டு ஹையர் எஜுகேஷன் எண்டு ஒரு வருஷ டிப்ளோமா இருக்கு, நேர்ஸிங்குக்கெண்டே தனியா நடத்தினம். அதுக்கு எடுக்கிற லோன், பிறகு டிகிரியை முடிச்சா தள்ளுபடியாகும், இதைக் கனபேர் சொல்லித்தர மாட்டினம். இங்கிலிஷும் மட்ஸும் ஜிசிஎஸ்ஈ (எங்கட ஓ/எல் மாதிரி) கிரேட் 4 வேணும். சில யூனி அதுக்குப் பதிலா ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 எண்ட சோதினையையும் எடுக்கும், சில எடுக்காது, கொலிஜில சேர முதலே யூனியைக் கேளுங்கோ.

இடம் எண்டு கேட்டா நான் டயலிசிஸ் (சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கு மெஷினில ரத்தம் சுத்தப்படுத்திறது) எண்டுதான் சொல்லுவன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியில இருக்கிற சட்டலைட் யூனிட்டில நைட் இல்லை, ஞாயிறு பூட்டு. ஒரே ஆக்கள் கிழமைக்கு மூண்டு தரம் வருவினம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம், வருஷக்கணக்கா. கையில ஃபிஸ்டுலா (டயலிசிஸுக்கெண்டு ரத்தக் குழாயளை இணைச்ச இடம்) இருக்கிற இடத்தில விரலை வைச்சா உள்ளுக்க ரத்தம் கிறுகிறு எண்டு அதிரும், அதைத் தடவிப் பாத்துத்தான் எந்த இடத்தில ஊசி போடுறது எண்டு பாப்பம், இண்டைக்கு அதிர்வு குறைவு எண்டா உடன சொல்லோணும். எங்கட ஆக்களுக்குச் சலரோகம் கூட எண்டபடியா தமிழ் ஐயாமார் அம்மாமார் வந்துகொண்டேதான் இருக்கினம். பொட்டாசியம் கூடின சாப்பாடு எது எண்டு டயட்டீஷியன் குடுக்கிற தாளில வாழைப்பழம் உருளைக்கிழங்கு எல்லாம் போட்டிருக்கும், இளநியும் ஒடியல் கூழும் இராது. ஒரு ஐயாவுக்குப் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகுது, ஒருத்தருக்கும் ஏனெண்டு விளங்கேல்லை. நான் தமிழில கதைச்சுக் கேக்கத்தான், ஒவ்வொரு நாளும் இளநி குடிக்கிறாராம், "அது குளிர்ச்சிதானே பிள்ளை" எண்டார்.

ராசன்_லண்டன்:
மதி அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா காசுக் கதையையும் ஒராள் சொல்லத்தானே வேணும். என்ர மனுசியும் நாப்பதுக்குப் பிறகுதான் படிச்சவ. மூண்டு வருஷத்தில 2,300 மணித்தியாலம் பிளேஸ்மென்ட், சம்பளம் ஒரு சதம் இல்லை. ஸ்டூடன்ட் எண்டு பேர், ஆனா ஷிஃப்ட் மற்றாக்களின்ர மாதிரி, லோங் டே, நைட், சனி ஞாயிறு எல்லாம் உண்டு. அவ போன ஒரு இடத்தில ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை) கடைசி நேரத்திலதான் வரும், பிள்ளையளை ஸ்கூலுக்கு ஆர் விடுறது எண்டு வீட்டில ஒவ்வொரு கிழமையும் சண்டை. சமையலும் நான்தான், சோறு குழைஞ்சாலும் பேசாமச் சாப்பிட்டினம்.

வாறதையும் சொல்லுறன். என்எச்எஸ் லேர்னிங் சப்போர்ட் ஃபண்டில வருஷத்துக்கு 5,000 பவுண்ட், திருப்பிக் கட்டத் தேவையில்லை. 15 வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா இன்னும் 2,000. இதுக்கு மேல டியூஷன் லோன், மெயின்டெனன்ஸ் லோன். முதலே ஒரு டிகிரி இருக்கிற ஆக்களுக்கும் நேர்ஸிங் எண்டா டியூஷன் லோன் குடுக்கினம், வாசிக்கிற மற்றாக்களுக்காகச் சொல்லுறன். முடிச்சு வந்தா பான்ட் 5 இன்ர தொடக்கச் சம்பளம் 2025/26 இல 31,049, அதோட லண்டன் அலவன்ஸ்.

நான் எண்டா அப்பிரென்டிஸ்ஷிப்பைத்தான் பாப்பன். முதல் ஹெல்த்கேர் அசிஸ்டன்டாப் போய், பிறகு அவையே சம்பளம் தந்து படிப்பிக்கிறது. இடம் குறைவு, போட்டி கூட, காலமும் இழுபடும். ஆனா கடன் இல்லை.

தஞ்சாவூர்_நர்ஸ்:
அக்கா வணக்கம், நான் தமிழ்நாட்டுல பிஎஸ்சி நர்சிங் முடிச்சு ஐசியூல வேலை பாத்துட்டு, இங்க வந்து ஓஸ்கிங்கற செய்முறைத் தேர்வு பாஸ் பண்ணி ரெஜிஸ்டர் ஆனவன். நம்ம ஊர்ல நர்சிங் அட்மிஷனுக்கு 35 வயசுதான் லிமிட், அதுக்கு மேல ஆசைப்பட்டாலும் கதவு சாத்திருவாங்க. இங்க தொறந்து கெடக்கு, விட்றாதீங்க.

ஒண்ணு யாருமே சொல்லல. அப்ளை பண்ணும்போதே ஃபீல்ட் செலக்ட் பண்ணணும். அடல்ட், சில்ட்ரன், மென்டல் ஹெல்த், லேர்னிங் டிசபிலிட்டி, இந்த நாலுல ஒண்ணு. நம்மாளுங்க யோசிக்காம அடல்ட்னு போட்டுட்டு வந்துர்றாங்க. மென்டல் ஹெல்த்ல உக்காந்து பேசறதுதான் பாதி வேலை, நாப்பது வயசு வாழ்க்கை அனுபவம் அங்க நேரா கை கொடுக்கும், லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட்லயும் அந்த ஃபீல்டுக்கு வருஷம் 1,000 பவுண்ட் கூடுதலா வரும். ஆனா உங்களுக்கு டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்தான் மனசுலன்னா அடல்ட்தான் கரெக்ட்.

இடுப்பு வலிக்கு பயப்படாதீங்க. பேஷன்ட்ட தூக்கறதெல்லாம் இங்க கிடையாது, ஹாய்ஸ்ட், ஸ்லைட் ஷீட் வச்சுதான். ஆக்குபேஷனல் ஹெல்த் ஃபார்ம்ல மறைக்காம எழுதிருங்க, அட்ஜஸ்ட்மென்ட் செஞ்சு தருவாங்க. வார்டு வேணாம்னா ப்ரீ-ஆப் அசெஸ்மென்ட் (ஆபரேஷனுக்கு முன்னாடி செக் பண்றது), எண்டோஸ்கோபி, அவுட்பேஷன்ட், ஜிபி சர்ஜரில (குடும்ப டாக்டர் கிளினிக்ல) பிராக்டிஸ் நர்ஸ்னு நெறைய இருக்கு. "மொதல்ல ஒரு வருஷம் வார்டு பாத்தாதான் நர்ஸு"னு சொல்லுவாங்க, அதை ரூல் மாதிரி எடுத்துக்காதீங்க. புதுசா முடிச்சவங்கள நேரா கம்யூனிட்டிலயும் (வீட்டுக்குப் போய் பாக்கற வேலைல) எடுக்கறாங்க, ப்ரீசெப்டர்ஷிப் (புதுசா சேர்றவங்களுக்கு சீனியர் கூட இருந்து சொல்லிக் குடுக்கறது) எப்படினு மட்டும் இன்டர்வியூல கேட்டு வச்சுக்கோங்க.

ராசன் அண்ணன் அப்பிரென்டிஸ்ஷிப் சொன்னாரு, நான் ஒத்துக்க மாட்டேன். 44ல ஆரம்பிச்சு இடம் கிடைக்குமானு காத்துட்டு இருந்தா அதுலயே வருஷம் ஓடிரும். வீட்ல ஒரு சம்பளம் ஸ்டெடியா வருதுன்னா நேரா டிகிரி.

வேலணையாள்:
எல்லாருக்கும் கனக்க நன்றி. ஃபீல்ட் கதை எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. ராசன் அண்ணா, மனுசனை வாசிக்கச் சொன்னனான், சோறு குழைஞ்ச இடத்தில சிரிச்சிட்டு எழும்பிப் போட்டார். இன்னும் ரெண்டு கேள்வி. வேலையை விடாமல் உள்ளுக்க எப்பிடி இருக்கும் எண்டு பாக்க ஏலுமோ? மற்றது எனக்கு லைசன்ஸ் இல்லை, டிஸ்ட்ரிக்ட் நேர்ஸுக்குக் கார் ஓடத் தெரிஞ்சிருக்கோணுமோ?

டயலிசிஸ்_மதி:
பாக்கலாம். என்எச்எஸ் ஜொப்ஸ் சைட்டில ஹெல்த்கேர் அசிஸ்டன்ட், பாங்க் எண்டு தேடுங்கோ. பாங்க் எண்டா உங்களுக்கு ஏலுற நாளுக்கு மட்டும் ஷிஃப்ட் எடுக்கலாம், டில் வேலையை விடத் தேவையில்லை. நாலைஞ்சு வித்தியாசமான வோர்டில நிண்டு பாருங்கோ. குளிப்பாட்டிறதும் கொமோட் தள்ளுறதும் மனசுக்கு அருவருப்பா இல்லையெண்டா மிச்சத்தைப் படிச்சுப் பிடிக்கலாம். யூனி இன்டர்வியூவிலயும் அதைச் சொல்லலாம். அக்ஸஸ் செப்டெம்பரில தொடங்கும், யூக்காஸில (யூனிக்கு அப்ளை பண்ணிற சைட்) முக்கிய கெடு ஜனவரியில வரும், அப்ப கொலிஜில சேந்த உடனயே அப்ளிகேஷன் வேலையும் தொடங்கோணும்.

ஓடத் தெரியாட்டி கம்யூனிட்டி கஷ்டம். கனக்க இடத்தில லைசன்ஸ் கட்டாயம் கேப்பினம், லண்டனுக்குள்ள சில டீமில சைக்கிளிலயும் பஸ்ஸிலயும் போய் வாற ஆக்கள் இருக்கினம்தான், ஆனா அதை நம்பி இராதேங்கோ. படிக்கிற காலத்திலயே பழகி எடுங்கோ. மனுசனிட்ட மட்டும் பழகப் போகாதேங்கோ தங்கச்சி, ரவுண்டபவுட்டிலயே குடும்பம் பிரிஞ்சிடும். காசைக் குடுத்து இன்ஸ்ட்ரக்டரைப் பிடியுங்கோ.