பழைய கேரவன் வேன் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்? (2013 டிராவலர், கேரள நம்பர்)

பேட்டை வாசி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நெல்லையில ஒரு பழைய கேரவன் விலைக்கு வந்திருக்கு. 2013 மாடல் ஃபோர்ஸ் டிராவலர். உள்ள ரெண்டு கட்டில், அடுப்பு மேடை, சின்ன பாத்ரூம், கூரை மேல ஏசி. கேரள நம்பர், கொட்டாரக்கரை பக்கம் ஓடின வண்டி. 70,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு சொல்லுதாவ. நாங்க அஞ்சு பேர். திருச்செந்தூர், குற்றாலம், மூணாறுன்னு போய்வர நினைக்கோம். இன்ஜின் பார்க்க மெக்கானிக் கூட வாராரு. மத்ததுல எதை எப்படிச் சோதிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொருநைக்கரை

தம்பி, இன்ஜின் கெட்டா இறக்கி வேலை பார்த்து ஏத்திரலாம். பாடிக்குள்ள தண்ணி இறங்கியிருந்தா கட்டில், மேடை, சுவர்ப்பலகை அத்தனையும் கழட்டினாத்தான் சரிபண்ண முடியும். கேரள மழையில பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்ன வண்டி வேற. அதனால முதல் சோதனை கூரைதான்.

ஏணி வச்சு ஏறுங்க. ஏசி உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சுத்தி பள்ளம் விழுந்து, தண்ணி தேங்கின வட்டக் கறை இருக்கான்னு பாருங்க. ஏசி பாரத்துல கூரை தொய்ஞ்சிருந்தா ஏசிக்காக வெட்டின ஓட்டை வழியாத்தான் முதல்ல ஒழுகும். ஓரங்கள்ல தண்ணி புகாம இருக்கப் பூசியிருக்கிற சீலன்ட்டை நகத்தால அழுத்திப் பாருங்க. ரப்பர் மாதிரி அமுங்கணும். நம்ம ஊர் வெயில்ல காஞ்சு வெடிச்சு, ஓரம் தூக்கி நின்னா அதோட ஆயுசு முடிஞ்சுது. பழசு மேலயே கண்ணாடிக் கடை சிலிக்கானை அப்பியிருந்தா இன்னும் தொல்லை. சிலிக்கான் மேல வேற எந்த சீலன்ட்டும் பிடிக்காது, முழுசாச் சுரண்டி எடுத்துட்டுத்தான் பாலியூரித்தேன் பூசணும்.

அப்புறம் தண்ணிச் சோதனை. ஓனர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க. சாதாரண ஹோஸ் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டாம், அது நல்ல சீலையும் தாண்டித் தண்ணியை உள்ள தள்ளிரும். கீழே இருந்து ஆரம்பிங்க: முதல்ல ஜன்னல் அடி, அப்புறம் ஜன்னல் மேல், பின்கதவு மேல், கடைசியா கூரை. ஒவ்வொரு இடத்துக்கும் 5 நிமிஷம். மேலேருந்து ஊத்தினா எந்த இடம் ஒழுகுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. உள்ள ஒருத்தர் டார்ச்சோட அலமாரிக்குள்ள, கட்டிலுக்கு அடியில, பாத்ரூம் மூலையில பார்த்துக்கிட்டே இருக்கணும். தண்ணி இறங்குற இடம் ஒண்ணு, சொட்டுற இடம் வேறயா இருக்கும்.

மரத்துக்கு ஈரப்பத மீட்டர் கிடைச்சா கொண்டு போங்க. 15 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நல்லது. 20 தாண்டினா அந்தப் பக்கம் எங்கயோ தண்ணி வருது. 30-க்கு மேல காட்டினா பிளைவுட் மக்கியாச்சுன்னே வச்சுக்கிடுங்க. இதையெல்லாம் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே பார்த்துரணும். மீட்டர் இல்லைன்னா விரல் முட்டியால தட்டுங்க. காஞ்ச பலகை டக்குனு பேசும், மக்கினது மந்தமாக் கேக்கும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது ரெக்ஸினோ ஸ்டிக்கரோ ஒட்டியிருந்தா அந்தச் சுவர்ல அதிக நேரம் நில்லுங்க.

வெள்ளத்துல நின்ன வண்டியான்னும் பார்த்தே ஆகணும். கேரளாவுல 2018 ஆகஸ்ட், நமக்கு 2023 டிசம்பர், ரெண்டுலயும் எத்தனையோ வண்டி முங்கினது. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க. அடிப்பாகத்துல ஒரே உயரத்துக்குப் பழுப்புக் கோடு இருந்தா சேறு தண்ணி ஏறியிருக்கு. டேஷ்போர்டுக்குக் கீழ கையை விட்டா வண்டல் ஒட்டுதா, ஃபியூஸ் பாக்ஸ் பின்கள் பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் வேண்டாம் தம்பி. வயரிங் வருஷக் கணக்குல தொந்தரவு கொடுக்கும்.

அடியில படுத்து ஸ்பிரிங் பட்டை பிராக்கெட், பாடி சேஸிஸ்ல (வண்டியோட இரும்பு அடிச்சட்டம்) உட்காருற இடங்கள், வீல் ஆர்ச்சுக்குள் ஓரம் எல்லாத்தையும் ஸ்குரூ டிரைவரால குத்துங்க. இப்பத்தான் அடிச்ச கெட்டியான கறுப்பு கோட்டிங் இருந்தா உள்ள துருவை மூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

சின்னப் புள்ளைகள் இருந்தா இதை விட்டுராதீங்க: பின்சீட் போல்ட் தரைக்கு அடியில இரும்பு பிளேட்டோட முடியுதா? வெறும் பிளைவுட்ல ஸ்குரூ போட்டிருந்தா பிரேக் அடிக்கும்போது சீட்டோட சேர்ந்து ஆள் முன்னால வருவாங்க.

வள்ளியூர் வயர்மேன்

கரண்ட் விஷயத்துல வழக்கமாத் தப்பு நடக்கிறது இன்வெர்ட்டர் வயர்லதான். 12 வோல்ட்டுல 1,500 வாட் எடுத்தா கணக்குக்கு 125 ஆம்ப், இழப்பும் சேர்ந்து 140 பக்கம் வரும். அதுக்கு வீட்டு வயரிங் மாதிரி மெல்லிசா இழுத்திருந்தா வயர் சூடாகி உறை உருகும். 35 முதல் 50 சதுர மில்லிமீட்டர் தாமிரம் இருக்கணும். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கம் மட்டும் இருந்தா நடுவுல வயர் பாடியில உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க ஆளே இல்லை.

உள்பேட்டரியை முந்தின ராத்திரி முழு சார்ஜ் போடச் சொல்லுங்க. சார்ஜரைக் கழட்டி நாலு மணி நேரம் ஆறவிட்டு அளந்தா 12.6-க்கு மேல நிக்கணும். 150 ஏஹெச் (ஆம்ப் ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரின்னா 60 வாட் பல்பை ரெண்டு மணி நேரம் எரியவிடுங்க. செலவாகிறது 10 ஏஹெச்தான். அதுக்கே 12 வோல்ட்டுக்குக் கீழ போனா பேட்டரி செத்தாச்சு. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு அதே பேட்டரி முனையில அளங்க: 13.8-லிருந்து 14.4 வரணும். 12.6-லயே நின்னா ஓடும்போது சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். இன்ஜின் சார்ஜை உள்பேட்டரிக்கு விடுற ரிலேயைப் பாருங்க.

வெளிக் கரண்ட் எடுக்கிற பிளக் இருந்தா 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) கட்டாயம். அதோட டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, டப்புனு விழணும். எர்த் வயர் சேஸிஸோட சேர்ந்திருக்கணும். இல்லைன்னா ஈரக் கையோட கதவைத் தொடுற ஆளுக்கு ஷாக்.

கேஸ்: சிலிண்டர் வைக்கிற பெட்டியோட அடியில ஓட்டை இருக்கா பாருங்க. எல்பிஜி காத்தை விடக் கனம், கீழதான் தங்கும். ஓட்டையில்லாத பெட்டி ஆபத்து. ஆரஞ்சு ஹோஸ்ல போட்டிருக்கிற தேதிக்கு 5 வருஷம் தாண்டினா மாத்திருங்க. ஒவ்வொரு இணைப்புலயும் சோப்பு நுரை வச்சுப் பாருங்க.

தண்ணி மோட்டாரைப் போட்டு எல்லாக் குழாயையும் மூடுங்க. மோட்டார் நிக்கணும். சும்மா இருக்கும்போதே அப்பப்ப ஓடி ஓடி நின்னா எங்கயோ கசிவு இருக்கு, அதுதான் தரைப்பலகையை அழுக வைக்கும்.

ஆர்சி புக்

வண்டி பார்க்கிறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க அண்ணாச்சி. ஆர்சியில பாடி வகை என்ன போட்டிருக்கு? கேம்பர் வேன்னு இருந்தா நிம்மதி. 12 சீட் வேன்னு போட்டுட்டு உள்ள கட்டில் இருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அனுமதி வாங்காத மாற்றம் அது. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல இதைத்தான் பிடிப்பாங்க. சொந்த உபயோக கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வண்டி, வெள்ளை போர்டு. மஞ்சள் போர்டா இருந்தா 8 வருஷம் தாண்டினதால வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்திருக்கணும், பெர்மிட்டும் ஒப்படைச்சிருக்கணும்.

கேரள நம்பர்னா படிவம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று), பேர் மாத்த 29, 30, கடன் இருந்திருந்தா அது முடிஞ்சதுக்கு 35, இதெல்லாம் வேணும். தமிழ்நாட்டுக்கு சாலை வரி புதுசாக் கட்டி நெல்லை நம்பர் வாங்கணும், அந்தத் தொகையை விலை பேசுறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுக்கிடுங்க. 2013 வண்டிக்கு 15 வருஷப் பதிவு 2028-ல முடியும். அதுக்கப்புறம் 5 வருஷப் புதுப்பிப்பு, பசுமை வரியோட.

சேஸிஸ் நம்பர் மேல வெள்ளைத் தாளை வச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுங்க. எழுத்து ஒண்ணுக்கொண்ணு ஒரே ஆழம், ஒரே இடைவெளியில விழணும். அதை ஆர்சியோட ஒத்துப் பாருங்க.

பேட்டை வாசி

ரொம்ப நன்றி. ரெக்ஸின் விஷயம் சரியாச் சொன்னீங்க, போட்டோவுல பின்பக்கச் சுவர் மட்டும் புதுசாத் தெரியுது. ஓட்டிப் பார்க்க எந்த ரோடு நல்லது? எடை போடணுமா?

பொருநைக்கரை

கண்டிப்பாப் போடணும். டீசல் ஃபுல், தண்ணி டேங்க் காலி, ஆள் இறங்கின நிலையில எடைமேடையில ஏத்துங்க. ஆர்சியில இருக்கிற லேடன் வெயிட் (பாரத்தோட சேர்த்து அனுமதிச்ச மொத்த எடை) 4,000 கிலோ, எடைமேடை 3,500 காட்டுதுன்னு வைங்க. மிச்சம் 500. அஞ்சு பேர் 325, தண்ணி 100 லிட்டர்னா 100. துணி, பாத்திரம், சிலிண்டர் எல்லாத்துக்கும் 75 கிலோதான். ஷூட்டிங்குக்குக் கட்டின கேரவன்னா உள்ள மரவேலை கனமா இருக்கும், அந்த மிச்சமே வராது. பின் ஆக்ஸிலை மட்டும் மேடையில நிறுத்தித் தனியாவும் எடை எடுங்க.

ரோடு: செங்கோட்டை தாண்டி புளியரை ஏத்தம், ஆரியங்காவு வரை. ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறிக்கிட்டே போனா ரேடியேட்டர் அடைச்சிருக்கு. இறங்கும்போது ரெண்டாம் கியர்லயே வாங்க. நாலு வளைவுக்குள்ள பிரேக் பெடல் மெத்துன்னு ஆகி ஆழமாப் போனா பிரேக் ஆயில் ஈரம் குடிச்சிருக்கு. இன்னொரு நாள் பணகுடியில இருந்து ஆரல்வாய்மொழி வரை நாலுவழிச்சாலையில ஓட்டுங்க. ஆனி ஆடிக் காத்துல உயரக் கூரை வண்டியை எவ்வளவு தள்ளுதுன்னு ஸ்டியரிங்லயே தெரிஞ்சுரும்.

டயர் ஓரத்துல கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2318-ன்னா 2018-ம் வருஷம் 23-வது வாரம். பட்டன் (டயர் மேல இருக்கிற கட்டை) எவ்வளவு இருந்தாலும் 6, 7 வருஷம் தாண்டின டயரோட மூணாறு ஏறாதீங்க.