சிறிய அறையில் பாஸ் (தாழ்சுருதி) ஒலியைச் சரியாகக் கேட்பதற்கு உதவி தேவை

வணக்கம். வீட்டிலேயே மின்னணு இசை அமைத்து மிக்ஸிங் (ஒலிகளின் அளவைச் சமன்செய்து கலத்தல்) செய்துவரும் எனக்கு, சில மாதங்களாகத் தீராத ஒரு சிக்கலில் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது. அறையின் நட்டநடுவில் அமர்ந்து கேட்கும்போது பாஸ் மெலிந்து ஒலிப்பதால் அதைக் கூட்டிவிடுகிறேன். ஆனால் அதே பாடலைக் காரில் கேட்டால், பாஸ் அளவுக்கு மீறி அதிர்ந்து மற்ற ஒலிகளையெல்லாம் மூடிவிடுகிறது.

என் அறை 10 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. கணக்கிட்டுப் பார்த்ததில், இத்தகைய அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸில் நிலையலை (சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி ஒன்றோடொன்று சேர்ந்து, நகராமல் நிற்பதுபோன்ற அலை) உருவாகி, நடுவில் அந்த ஒலி அடங்கிவிடும் என்று தெரிந்தது. என் பாடலின் ஆதார சுருதியோ 55 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் சமமாக இருப்பதால் பாதிப்பு இரட்டிப்பாகிறது. குறிப்பிட்ட சுருதி ஒலிகளைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரைக் கொண்டு இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது என்பதைப் பல இரவுகள் முயன்ற பிறகே உணர்ந்தேன்.

வாடகை வீடு என்பதால் சுவரில் துளையிட இயலாது. இருக்கையை முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காடு தொலைவுக்கு நகர்த்தினால் போதுமா, அல்லது மூலைகளில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பாஸ் டிராப்புகளையும் (பாஸ் ஒலியை உறிஞ்சும் தடுப்புகள்) நிறுத்த வேண்டுமா? வேண்டுமெனில், எத்தனை அங்குலத் தடிமன் உங்களுக்கு உண்மையிலேயே பயனளித்தது?